ஆறு ஸ்குருவும் ஒரு கரிநாக்கும்

ஸ்ரீவில்லிபுத்தூர்
29.3.2025, சனிக்கிழமை

அன்புள்ள மருமகள் பொன்மணிக்கு, உன் தாய்மாமன் வேல்சாமி எழுதிக்கொண்டது.

நடந்தது அத்தனையையும் நான் முன்னாடியே சொன்னவன். அதை முதல் வரியிலேயே எழுதி வைத்துவிட்டேன், பிற்பாடு யாரும் மறுக்கக் கூடாது.

புதன்கிழமை தளவாய்புரம் அம்மன் கோவில் பங்குனிப் பொங்கல் கச்சேரியில் இரண்டாவது பாட்டிலேயே உன் கிட்டார் சுருதி இறங்கிப் போனதே, அது எனக்கு அன்று மத்தியானம் மூன்று மணிக்கே தெரியும். பந்தலுக்கு எதிரே டீக்கடை மாரிசாமியிடம் சொன்னேன். "மாரிசாமி, இன்னைக்கு அந்தக் கிட்டார் நிக்காது, எழுதி வச்சிக்கோ." அவன் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டு, "எப்படிண்ணே இம்புட்டுத் துல்லியமாச் சொல்லுதிய?" என்று கேட்டான். "காத்துல ஒரு கனம் இருக்குப்பா. இருபத்தெட்டு வருசம் மில்லு ஃபிட்டரா இருந்தவனுக்கு அது மூக்குலயே தெரியும்" என்றேன். அவன் உடம்பு சிலிர்த்துப்போய் இன்னொரு டீ போட்டுக் கொடுத்தான்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். இரண்டாயிரம் பேர் கூட்டம். உன் சுருதி இறங்கியதும் பக்கத்தில் இருந்தவன் முகத்தைச் சுளித்தான். விவரம் தெரியாமல் சுளிக்கிறானே என்று, "நான் மத்தியானமே சொன்னேன்ல" என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அது உன் அப்பா காதில் விழுந்துவிட்டது. என் மச்சான் பாண்டிதுரைக்கு மற்ற நேரம் காது மந்தம், அன்றைக்கு மட்டும் பாம்புக் காது.

"ஏலே, மத்தியானமே சொன்னியா? அப்பம் உன் வாயாலதாம்லே எம்புள்ள மேடையில தலைகுனிஞ்சு நிக்கா. கரிநாக்கு."

ஊர் முழுக்கக் கேட்க, சொன்னது பலித்துக் கெடுக்கிற நாக்கு என்று என்னைச் சொல்லிவிட்டார். நானும் ரோஷக்காரன். அம்மன் வாசலில் கையை நீட்டி, இனிமேல் அந்த வீட்டு ஆட்கள் யாரோடும் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டேன். அவசரத்தில் உன் பெயரைத் தனியாக எடுத்து வைக்க மறந்துபோனது.

போனில் பேசினாலும் பேச்சுத்தான். வாட்சப்பில் எனக்கு வாயால் சொல்லி அனுப்பித்தான் பழக்கம், அதுவும் பேச்சுத்தான். அதனால் உட்கார்ந்து யோசித்தேன். சத்தியம் வாய்க்குத்தானே தவிர கைக்கு இல்லை. எட்டாம் வகுப்பு வரை படித்தது இந்த மாதிரி நேரத்துக்குத்தான். உங்கள் அடுத்த தெரு மாரிச்செல்வி எங்கள் மில் பஸ்ஸில்தான் வருகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன், பதிலும் அவளிடமே கொடு.

கிட்டார் இப்போது எந்த நிலையில் இருக்கிறது? உனக்கு என்ன வேண்டுமானாலும் மாமனைக் கேள். உலகத்தில் நான் பார்க்காத மெஷின் இல்லை.

இப்படிக்கு,
வேல்சாமி


ராஜபாளையம்
31.3.2025

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. கவருக்கு ஏழு பின் அடித்திருந்தீர்கள். "உங்க மாமா என்ன, பத்திரமா அனுப்பியிருக்காவ?" என்று மாரிச்செல்வி அக்கா கேட்டாள். எழுதினால் பேசினதில் சேராதா என்பதும் அவள் சந்தேகம். சேராது என்று மாமா சொல்லிவிட்டார், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றேன்.

கூட்டம் இரண்டாயிரம் இல்லை. முந்நூறு சேர் போட்டிருந்தார்கள், கடைசி நாலு வரிசை காலி. அந்த மட்டில் எனக்கு ஆறுதல்.

வீட்டு நிலவரம் சொல்கிறேன். அப்பா கிட்டாரைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டார். அம்மா எனக்கும் அதற்கும் சேர்த்து மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வரவில்லை. "வெங்கடேஸ்வரி, நான் சொன்னேன்ல, உன் தம்பி நாக்குதான்" என்று அப்பா சொன்னார். அம்மா பரணையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

குழு நடத்துகிற ஷாநவாஸ் அண்ணன் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. மறுநாள் போன் பண்ணி, "பாப்பா, ஒம்பதாம் தேதி சேத்தூர்ல ஒரு தடவை பார்ப்போம். அங்கயும் இப்படின்னா கிட்டாருக்குன்னு தனியா ஆள் வேண்டாம். கீபோர்டுலயே அந்தச் சத்தம் இருக்கு, எடுத்துக்கிடலாம்" என்றார். பகல் முழுக்க பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பில் போடுகிறேன். எனக்கு என்று இருக்கிறது அந்த மேடை ஒன்றுதான் மாமா. ஒரு பட்டன் என் இடத்துக்கு வந்துவிடும் என்பதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

என்ன கோளாறு என்று எழுதுகிறேன். கிட்டாரின் அடியில் ஸ்ட்ரிங் எல்லாம் வந்து சேர்கிற இரும்புத் தகடுதான் பிரிட்ஜ். அதில் சொருகியிருக்கிற வளைந்த கம்பிக்கு ட்ரெமலோ பார் என்று பெயர். அதை அழுத்தினால் பிரிட்ஜ் சாய்ந்து, ஆறு ஸ்ட்ரிங்கும் தளர்ந்து, சத்தம் வழுக்கி இறங்கும். கையை எடுத்தால் பின்பக்கத்து ஸ்பிரிங் இழுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அன்று கொண்டுவரவில்லை. ஆறும் சேர்ந்தாற்போல் கீழேயே நின்றுவிட்டது. சுருதி ஏற்றினேன். அடுத்த தடவை அழுத்தியதும் மறுபடி வேறு இடத்தில் போய் நின்றது.

காலையில் வீட்டில் வாசித்தபோது சரியாக இருந்தது. சாயந்திரம் மேடையில் இல்லை. நடுவில் என்ன ஆனது என்றுதான் புரியவில்லை.

உங்களைத்தான் கேட்க முடியும். இந்தக் கிட்டாரை வாங்கி வந்த அன்றைக்கு, பெங்களூரில் ஏலத்தில் எடுத்ததாக எல்லோரிடமும் சொன்னீர்கள். மதுரையில் பழைய கிட்டார் விற்கிற இடத்தில் வாங்கினீர்கள் என்று எனக்குத் தெரியும், பில் பையிலேயே இருந்தது. பஸ்ஸில் கிட்டாருக்கு உங்கள் சீட்டைக் கொடுத்துவிட்டு நீங்கள் நின்றுகொண்டே வந்ததை அதே பஸ்ஸில் வந்த ஆள் சொன்னார். அன்று உங்கள் கால் வீங்கியிருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, மறக்கவும் இல்லை.

தளவாய்புரத்தில் நாங்கள் சாப்பிடப் போனபோது நீங்கள்தான் சாமான்களுக்குக் காவல் இருந்தீர்கள். யாராவது கிட்டாரைத் தொட்டார்களா?

பொன்மணி


ஸ்ரீவில்லிபுத்தூர்
2.4.2025

அன்பு மருமகளுக்கு,

யார் தொடுவான்? வேல்சாமி உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஒரு ஈ தொட்டுப் பார்க்கட்டும். நீங்கள் சாப்பிட்டு வருகிற வரைக்கும் நான் கண் இமைக்கவில்லை. தாளம் அடிக்கிற ரஃபீக் வந்து தன் குச்சியை எடுக்கப் போனான். அவனையே, "தம்பி, என்கிட்டக் கேட்டுட்டு எடு" என்று சொல்லித்தான் விட்டேன்.

பெங்களூர் ஏலம் பற்றி எழுதியிருந்தாய். அதை நேரில் விளக்க வேண்டும், கடிதத்தில் அடங்காது.

என்னைத் தவிர ஒரு உயிர் கிட்டாரைத் தொடவில்லை. நான் தொட்டதும் உன் நல்லதுக்குத்தான். தூசி துடைக்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன். பார்த்தால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரிட்ஜ் தகட்டின் முன் ஓரத்தில் வரிசையாக ஆறு ஸ்குரு. ஆறும் லூஸ். ஒரு முடி நுழைகிற அளவுக்கு மேலே எழும்பி நிற்கிறது. எந்தப் பாவி மாட்டினானோ, பாதியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறான்.

ஏட்டி, மில்லில் நூல் நூற்கிற ரிங் ஃப்ரேமில் ஒரே ஒரு ஸ்குரு தளர்ந்தால் நூல் என்ன பாடுபடும் தெரியுமா? ஒரு தடவை ஜெர்மனியில் இருந்து வந்த இஞ்சினியரே மெஷின் ஏன் ஆடுகிறது என்று தெரியாமல் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு இருந்தார். நான் போய்க் காலால் ஒரு தட்டு, ஸ்குரு டிரைவரால் ஒரு திருகு. நின்றுவிட்டது. அவர் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார்.

என் சட்டைப் பையில் பேனா இல்லாத நாள் உண்டு, ஸ்குரு டிரைவர் இல்லாத நாள் கிடையாது. ஆறையும் பல்லைக் கடித்துக்கொண்டு, இனித் திரும்பாது என்கிற வரைக்கும் முடுக்கிவிட்டேன். அதை மட்டும் செய்திராவிட்டால் நீ அழுத்திய அழுத்தில் பிரிட்ஜ் கழன்று பறந்து, முன் வரிசையில் இருந்த பெரிய மனிதர்கள் மண்டையைப் பதம் பார்த்திருக்கும். மூவாயிரம் பேர் கூட்டத்தில் கொலைக் கேஸ் ஆகாமல் காப்பாற்றினவன் நான். அவனுக்குத்தான் கரிநாக்கு என்று பட்டம்.

ஆகவே கோளாறு அங்கே இல்லை. கரெண்டில் இருக்கும், காற்றில் இருக்கும். நன்றாக யோசித்துப் பார்.

உன் மாமன்,
வேல்சாமி


ராஜபாளையம்
5.4.2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை "ஆறும் லூஸ்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

அப்பா வேலைக்குப் போன பிறகு அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, கிட்டாரைப் பரணில் இருந்து இறக்கினேன். அம்மா, "உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா நான் பிடிக்கலைன்னு சொல்லிருவேன்" என்றாள். ஆறு ஸ்குருவின் தலையிலும் புதுக் கீறல் இருந்தது.

மாமா, அந்த ஆறும் இறுக்குவதற்காக வைத்தது இல்லை. அது கதவுக்குக் கீல் மாதிரி. தகடு அந்த ஸ்குருக்களில் சாய்ந்து முன்னும் பின்னும் ஆட வேண்டும். தலை மேலே எழும்பி நின்றால்தான் ஆட இடம் இருக்கும். தரையோடு அழுத்தி இறுக்கினால், கம்பியை அழுத்தும்போது தகடு எப்படியோ சிரமப்பட்டுச் சாய்ந்துவிடுகிறது, திரும்பி வரும்போது ஸ்குருத் தலைக்கு அடியில் சிக்கிப் பாதியில் நின்றுவிடுகிறது. அதனால்தான் ஆறு ஸ்ட்ரிங்கும் ஒன்றாகக் கீழே இறங்கி நின்றது. இதைக் கம்ப்யூட்டரில் வீடியோ போட்டுப் பார்த்து உறுதி பண்ணிக்கொண்டேன்.

ஓரத்து இரண்டு ஸ்குருவையும் தகட்டைத் தொட்டும் தொடாமல் வைத்தேன். நடுவில் உள்ள நாலையும் அதைவிட அரைச் சுற்று மேலே ஏற்றினேன். சுருதி சேர்த்துவிட்டு, கம்பியை அழுத்தி விட்டேன். போனது. வந்தது. பத்துத் தடவை பார்த்தேன். அம்மா வாசல் கதவைப் பார்த்துக்கொண்டே, "இப்பம் நல்லாத்தானடி இருக்கு" என்றாள்.

நான் சொல்வதைத் தப்பாக எடுக்கக் கூடாது. கிண்டலாகவும் எடுக்கக் கூடாது. நீங்கள் செய்ததை மறைத்திருந்தால் நான் ஸ்ட்ரிங்கை மாற்றி, ஸ்பிரிங்கை மாற்றி, கடைசியில் கிட்டாரையே குறை சொல்லிக்கொண்டு இருந்திருப்பேன். நீங்கள் பெருமையாக எழுதினதால்தான் எனக்குக் காரணம் கிடைத்தது. நன்றி மாமா, மனதார எழுதுகிறேன்.

அப்பாவிடம் ஸ்குருக் கோளாறு என்று மட்டும் சொன்னேன். யார் முடுக்கியது என்று சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இப்போது ஐந்து ஸ்ட்ரிங் ஒழுங்காகத் திரும்பி வருகிறது. மூன்றாவது மட்டும், கம்பியை அழுத்தி விட்டால் பழைய இடத்தைவிட ஒரு மயிரிழை மேலே போய் நிற்கிறது. தலைப்பக்கம் ஸ்ட்ரிங் ஏறிப் போகிற வெள்ளைக் கட்டை இருக்கிறதே, நட் என்று சொல்வோம், அங்கே இருந்து "டிக்" என்று ஒரு சத்தம் வருகிறது. எனக்குப் பிடிபடவில்லை. இன்னும் நாலு நாள்தான்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். கிட்டாரை எடுத்துக்கொள்ள அப்பா சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. "சேத்தூருக்கு உன் மாமன் வரப்பிடாது. அவன் தலை தெரிஞ்சுது, நானே மேடையேறி உன்னை இறக்கிருவேன்" என்கிறார். கோபத்தில் சொன்னது இல்லை மாமா. அவர் உண்மையாகவே பயப்படுகிறார்.

பொன்மணி


ஸ்ரீவில்லிபுத்தூர்
6.4.2025, ஞாயிறு

அன்பு மருமகள் பொன்மணிக்கு,

உன் கடிதத்தை மில் கேன்டீனில் வைத்துப் பிரித்தேன். வடை ஆறிப்போனது, டீயில் ஆடை படிந்துவிட்டது.

ஒன்று சொல்கிறேன். ஒரு மெஷினின் பலம் தெரிய வேண்டுமானால் ஒரு தடவை இறுக்கிப் பார்க்க வேண்டும், அது ஃபிட்டர்களின் சாஸ்திரம். அந்த வகையில் நான் பண்ணினது ஒரு சோதனை என்று வைத்துக்கொள்ளலாம். நீ அப்படி வைத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை.

அப்பாவிடம் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை நாலு தடவை படித்தேன். அடுத்த விஷயத்துக்குப் போகிறேன்.

மூன்றாவது ஸ்ட்ரிங் பற்றி. இது எனக்குத் தெரியும். இதில் ஜெர்மன்காரன் யாரும் வரவில்லை, நானே இருபத்தெட்டு வருஷம் பார்த்தது. எங்கள் ஃப்ரேமில் நூல் ஒரு கம்பி வளையத்துக்குள் புகுந்து கீழே இறங்கும். ஒரே தடத்தில் ஓடி ஓடி அந்த வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெட்டு விழுந்துவிடும். நூல் அதில் போய்ப் பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். புது ஆள் நூலைக் குற்றம் சொல்லுவான். குற்றம் நூலில் இல்லை, போகிற வழியில் இருக்கிறது.

உன் ஸ்ட்ரிங்கும் அப்படித்தான். கம்பியை அழுத்தும்போது தளர்ந்து தலைப்பக்கம் கொஞ்சம் நகர்கிறது. திரும்பி வரும்போது அந்தக் கட்டையின் வெட்டில் சிக்கி முழுசாக வராமல் நின்றுவிடுகிறது. வராத அளவுக்கு இந்தப் பக்கம் இழுவை கூடும், சுருதி ஏறும். "டிக்" என்பது அது சிக்கி விடுகிற சத்தம்.

அரத்தை எடுத்து ராவாதே. ராவினால் வெட்டு பெரிதாகும், பிறகு கட்டையையே மாற்ற வேண்டும். எண்ணெயும் விடாதே, அது தூசியைக் கூட்டி வைத்துக் கஞ்சி காய்ச்சும். மூன்றாவது ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி அந்தப் பள்ளத்தில் இருந்து தூக்கி ஓரமாக வை. நல்ல கறுப்புப் பென்சிலைக் கூராகச் சீவி, பள்ளத்துக்குள் தேய். கரி நன்றாக உள்ளே இறங்கட்டும். பிறகு ஸ்ட்ரிங்கை அதில் வைத்து, முன்னும் பின்னும் இழுத்துவிட்டு, சுருதி சேர். வழுக்கிக்கொண்டு ஓடும். மற்ற ஐந்துக்கும் அப்படியே செய், கேடு இல்லை. புது ஸ்ட்ரிங் மாட்டினால் கையால் நன்றாக இழுத்து இழுத்து விட்டுப் பழக்கு. நாங்கள் புது பெல்ட் மாட்டினாலும் ஓடவிட்டு, தளர்ந்த பிறகு இன்னொரு தடவை இழுவை வைப்போம்.

பென்சில் இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். பின் குத்திவிடாமல் எடு.

சேத்தூருக்கு நான் வரவில்லை. மச்சானிடம் சொல், வேல்சாமி எல்லைக்குள் கால் வைக்க மாட்டான் என்று. எனக்கும் அன்றைக்கு மில்லில் ஏகப்பட்ட சோலி.

ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. பேசுவதில்லை என்றுதான் சத்தியம் பண்ணினேன். கேட்பதும் அதில் சேருமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

வேல்சாமி


ராஜபாளையம்
11.4.2025

மாமாவுக்கு,

பென்சில் வேலை செய்தது.

நீங்கள் எழுதினபடியே செய்தேன். மூன்றாவது ஸ்ட்ரிங் முதல் தடவையிலேயே "டிக்" என்பதை விட்டுவிட்டது. அன்று மத்தியானம் சேத்தூரில் பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்து முப்பது தடவை அழுத்திப் பார்த்தேன். ரஃபீக், "ஏக்கா, கம்பி தேஞ்சிரப் போகுது, பாட்டுக்குக் கொஞ்சம் மிச்சம் வை" என்றான்.

நாலாவது பாட்டில் கிட்டார் மட்டும் தனியாக வருகிற இடம் உண்டு. அங்கே கம்பியை அடிமட்டம் வரை அழுத்தினேன். கையை எடுக்கப் பயமாக இருந்தது மாமா. எடுத்தேன். ஆறும் அதனதன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தது. ஷாநவாஸ் அண்ணன் மைக் பக்கத்தில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். கச்சேரி முடிந்ததும், "பாப்பா, கீபோர்டுப் பேச்சை விட்ரு. இருபதாம் தேதி கூமாப்பட்டி, மறந்துராத" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும்.

கேட்பது சத்தியத்தில் சேராது என்று நானும் மாரிச்செல்வி அக்காவும் முடிவு பண்ணினோம். அதனால்தான் அவள் உங்களுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறாள், கை மாற்றி மாற்றி. நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லையாம். நாலாவது பாட்டு முடிந்ததும் மட்டும் மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டதாம்.

இனி அப்பா விஷயம். சித்திரை ஒன்றுக்கு நீங்கள் சாப்பிட வரலாம் என்றுவிட்டார். அம்மா அப்போதே வெல்லம் வாங்கி வைத்துவிட்டாள். ஆனால் கச்சேரிக்கு மட்டும் எந்த ஊருக்கும், எந்தக் காலத்திலும் நீங்கள் வரக் கூடாதாம். "ஸ்குருக் கோளாறுன்னே வச்சிக்கிடுவோம். ஆனா அவன் மூணு மணிக்கே சொன்னான், நடந்துச்சு. சேத்தூருக்கு வரலை, நல்லபடியா முடிஞ்சுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று கேட்கிறார். உங்கள் மூக்கில் முன்கூட்டியே தெரிந்தது என்று நீங்களே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறீர்கள்.

டீக்கடை மாரிசாமியை நேற்று பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அன்று மூன்று மணிக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை. சொல்வது உங்கள் இஷ்டம்.

என் மேடை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. ஒரு கடிதத்தில் நீங்கள் கெடுத்ததை எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள், அடுத்த கடிதத்தில் பென்சிலை அனுப்பினீர்கள். முதல் வரிசையில் நீங்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அதை எழுதி வைக்கிறேன்.

பொன்மணி


ஸ்ரீவில்லிபுத்தூர்
13.4.2025, ஞாயிறு

அன்பு மருமகள் பொன்மணிக்கு, தாய்மாமன் வேல்சாமி எழுதிக்கொண்டது.

சேத்தூர்க் கச்சேரி ஜெயிக்கும் என்று எனக்கு அப்போதே தெரியும் என்று எழுத ஆரம்பித்தேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

மில் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுதான் கேட்டேன். ஒரு காதில் போன், மறு காதில் விரல். ஐந்தாயிரம் பேர் கைதட்டினது கேட்டது. சரி, நானூறு இருக்கும். நாலாவது பாட்டில் நீ கம்பியை அழுத்தியதும் அந்தச் சத்தம் கிணற்றுக்குள் வாளி இறங்குகிற மாதிரி இறங்கிக்கொண்டே போனது. கயிறு அறுந்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு ஒரு சொட்டுச் சிந்தாமல் மேலே வந்து நின்றது. சைக்கிளுக்கு டோக்கன் கொடுக்கிற பையன், "என்னண்ணே, யாரும் தவறிட்டாவளா?" என்று கேட்டான். இல்லைப்பா, என் மருமக வாசிக்கா என்றேன். அவனிடம் பேசலாம், அவன் உங்கள் வீட்டு ஆள் இல்லை.

ஆனால் போனில் கேட்டால் பாதிதான் கேட்கிறது பொன்மணி. மீதிப் பாதி அங்கேயே நின்றுவிடுகிறது.

நீ எனக்கு நன்றி எழுதுகிறாய். கணக்குப்படி நான்தான் எழுத வேண்டும். மேடையில் உன்னைத் தலைகுனிய வைத்தது என் ஸ்குரு டிரைவர். அது தெரிந்தும் நீ உன் அப்பாவிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் நான் நின்றுகொண்டு வந்ததையும் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே இடத்தில் பூட்டி வைத்திருக்கிறாய். என் வாய்க்குப் பூட்டே கிடையாது, உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அக்காவிடம் இருந்து வந்திருக்கும்.

தளவாய்புரத்துக்குப் பிறகு மில்லில் எனக்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது. மழை வருமா, மேட்சில் யார் ஜெயிப்பார்கள், வயிற்றுப்பிள்ளை ஆணா பெண்ணா என்று ஷிஃப்ட் முடிந்ததும் வந்து கேட்கிறார்கள். நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். பாதி பலித்தும் விடுகிறது. அதை விடுவது எனக்குக் கஷ்டம். ராத்திரி முழுக்க யோசித்தேன். விடாவிட்டால் சாகிற வரைக்கும் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுதான் உன்னைக் கேட்க வேண்டும்.

அதனால் இந்தக் கடிதத்தை நீ உன் அப்பா முன்னால் உட்கார்ந்து சத்தமாகப் படி. மச்சான், கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஆறு ஸ்குருவையும் முடுக்கினது நான். பொன்மணி மறைத்தது எனக்காக, அவளை ஒன்றும் சொல்லாதீர்கள். தப்புப் பண்ணினது என் கை, நாக்கு இல்லை. கூமாப்பட்டியில் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்காருகிறேன், ஸ்குரு டிரைவரை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன். வேண்டுமானால் வாசலில் வைத்துச் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள்.

நாளைக்குச் சாப்பிட வருகிறேன். பேச மாட்டேன், சத்தியம் சத்தியம்தான். பரிமாறும்போது போதும் என்றால் இலைக்கு மேலே கையைக் காட்டுவேன். அக்கா புரிந்துகொள்வாள். நீங்களாக ஒரு வார்த்தை கூப்பிட்டால் அதற்குப் பிறகு அம்மனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. அன்றைக்கு அவள் சுருதி இறங்கியதும் பக்கத்தில் இருந்தவன் சிரித்தான் மச்சான். முகம் சுளித்தான் என்று பொன்மணிக்கு எழுதியிருந்தேன், அவன் சிரித்தான். அவள் மேடையில் தனியாக நிற்கிறாள், நான் கீழே உட்கார்ந்துகொண்டு ஒன்றும் பண்ண முடியவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும் போல இருந்தது. என் வாய்க்குத் தெரிந்தது அந்த ஒரு பேச்சுத்தான், நான் மத்தியானமே சொன்னேன் என்று. அதைத்தான் நீங்கள் கேட்டீர்கள்.

காற்றில் ஒரு கனமும் இல்லை. நல்ல வெயில். அன்று மூன்று மணிக்கு நான் டீக்கடை மாரிசாமியிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: சீனி கம்மியாக ஒரு டீ.

இப்படிக்கு,
வேல்சாமி